நல்ல ஆக்கள் வந்த தெரு

ஏவன்டேலில் இராசநாயகத்தின் டெய்ரியில் காலை ஆறு மணிக்கு ஒரு போத்தல் பால் வாங்குவது லேசுப்பட்ட காரியமாக இருந்ததில்லை. கடை திறந்திருக்கும், விளக்கு எரியும், மனிசன் மேசைக்குப் பின்னால் நிற்பார். ஆனால் விற்கமாட்டார். கார்ட் மெஷின் இன்னும் வேலை செய்யவில்லை என்பார். சில்லறை இல்லை என்பார். பால் லொறி வரவில்லை என்று பால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கூசாமல் சொல்வார். ஒருமுறை அவசரமாகச் சிகரெட் வாங்க வந்த பஸ் சாரதி ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான். மனிசன் அசையவில்லை. லோசா வரவேணும், அவள் கையால் முதல் காசு விழவேணும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குப் பால்.

டெய்ரி என்றதும் யாரும் மாட்டுப் பண்ணையை நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் தெருமூலைக் கடைக்கு அந்தப் பெயர். முன்னால் கடை, பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியும். இராசநாயகமும் மனைவி கல்யாணியும் அந்த இரண்டு அறைக்குள்தான் மகள் பிரணவியை வளர்த்து, படிப்பித்து, கலியாணமும் செய்து கொடுத்தார்கள். கடையும் வீடும் ஒரே வாடகைக் கட்டடம். கூட வந்த அகதிகள் ஆளுக்கொரு வீடு வாங்கிப் போட்ட காலத்தில் இவர் கையிலிருந்ததையெல்லாம் கடைக்குள் போட்டுவிட்டார். மிச்சம் பிடித்தது கொழும்பில் காத்திருந்த தம்பிமாருக்கும் தங்கச்சியின் சீதனத்துக்கும் போய்விட்டது. கடை போனால் குடியிருக்கும் இடமும் போகும். இது அவருக்கு நித்திரையிலும் தெரிந்த விசயம்.

கடை எடுத்த புதிதில் வியாபாரம் என்று ஒன்றுமே இல்லை. வாங்கிப் போட்ட பாணைத் தாங்களே தின்று முடித்தார்கள். அப்படி ஒரு நாள் விடியற்காலையில், நீல மேலங்கி போட்ட பெரிய உடம்புக்காரி ஒருத்தி வந்து ஒரு பாணும் ஒரு டின் தேங்காய்ப்பாலும் வாங்கினாள். சமோவாக்காரி, பெயர் லோசா. நகரத்து அலுவலகக் கட்டடங்களில் இரவு முழுக்கத் துப்புரவு வேலை செய்துவிட்டு முதல் ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தவள். அன்று முழுக்கக் கடையில் சனம் அடங்கவில்லை. அடுத்த நாள் அவள் வரவில்லை, கடையும் ஈயோட்டியது. அதற்கடுத்த நாள் வந்தாள், சனமும் வந்தது. கல்யாணி பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, அவளின்ர கை ராசியான கை. இனி அவளுக்குக் குடுத்த பிறகுதான் வேற ஆருக்கும்."

சுன்னாகத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து, எதற்கும் கணக்கும் சட்டமும் கேட்ட மனிசன், இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. லோசா தரும் நோட்டைக் கண்ணில் ஒற்றி, பிள்ளையாருக்குக் காட்டி, அதன் பிறகுதான் லாச்சிக்குள் போடுவார். தான் கள்ள நோட்டுத் தந்துவிட்டதாக நினைத்துத்தான் இவர் இப்படிப் பார்க்கிறார் என்று அவளுக்கு முதலில் முகம் சிவந்தது. விளக்கிச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு அவளும் இரண்டு கையாலும் ஏந்தித் தரப் பழகிக்கொண்டாள். வேலை இல்லாத நாட்களிலும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஆறு மணிக்கு வந்துவிடுவாள். "ராஜா, உன்ர கடையைத் திறந்து விட வந்தனான்" என்பாள். ஒருநாள் காய்ச்சலோடு வந்தவளைக் கல்யாணி பின்னால் கூட்டிப்போய் மல்லித் தண்ணி வைத்துக் கொடுத்தாள்.

தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும். இராசநாயகத்துக்குத் தன் சாமான் இறாக்கையைப் பார்த்தால் போதும். தொடக்கத்தில் தெரு முழுக்க அரசாங்கத்தின் பழைய மரவீடுகள். சமோவா, தொங்கா, மாவோரிக் குடும்பங்கள். அப்போது டின் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் முன் வரிசையில் நின்றன. சனிக்கிழமை பின்னேரம் தேங்காய்ப்பால் பெட்டி பெட்டியாகப் போகும். ஞாயிறு காலை அதே சனம் வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாகக் கடை வாசலைத் தாண்டித் தேவாலயத்துக்குப் போகும். பிறகு இந்திய மாணவர்கள் வந்து கராஜ்களுக்குள் நெருங்கிக் கிடந்தார்கள். நூடில்ஸ் முன்னுக்கு வந்தது. சீனக் குடும்பங்கள் சில, பிலிப்பினோ நர்ஸ்மார் சிலர் என்று கூடிக்கொண்டு போனது.

ஆனால் கடையைத் தாங்கிப் பிடித்தது அந்த மரவீட்டுச் சனம்தான். பாதி வீடுகளில் கார் இல்லை, இருந்த கார்களில் பெற்றோல் இல்லை. சம்பளம் கிழமைக்குக் கிழமை வரும், வந்த கையோடு போகும். பெரிய கடைக்குப் போய் மாதச் சாமானை ஒரேயடியாக அள்ளிவர அவர்களால் முடியாது. காலையில் பாண், பின்னேரம் பால், பொழுதுபட முட்டை என்று ஒரு வீட்டிலிருந்தே நாளுக்கு இரண்டு மூன்று தரம் ஆள் வரும். ஒவ்வொன்றிலும் கிடைப்பது சில்லறை லாபம். அது விடாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. இதை இராசநாயகம் கண்ணால் கண்டார், ஆனால் மண்டைக்குள் ஏற்றிக்கொள்ளவில்லை.

மண்டைக்குள் வேறு ஒன்று ஏற்கெனவே குடியிருந்தது. இந்தத் தெருவுக்கு நல்ல ஆக்கள் வரவேணும். கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்வார். நல்ல ஆக்கள் என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரில் காணி வாங்கினாலும், பிள்ளைக்குச் சம்பந்தம் பேசினாலும் முதல் கேள்வி, ஆக்கள் எப்பிடி என்பதுதான். உலகத்தின் அடிவிளிம்புக்கு அகதியாக வந்து இறங்கியும் அந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. ஊறுகாய்ப் போத்தலையும் கருவாட்டையும் பறித்த விமான நிலையத்துக்காரன் அதை மட்டும் பறிக்காமல் விட்டுவிட்டான், நாசமாய்ப் போனவன். நல்ல ஆக்கள் என்றால் கந்தோர் வேலை, மோட்கேஜ் கடனில் வீடு, இரண்டு கார், பிள்ளைகளுக்கு வயலின் வகுப்பு. எங்கட ஆக்களாக இருந்தால் இன்னும் விசேசம். லோசா அந்தக் கணக்கில் வரமாட்டாள். அவள் கைராசிக் கணக்கில் மட்டும் வருவாள். இரண்டையும் மனிசன் சேர்த்து யோசித்ததே இல்லை.

ஒரு விடியற்காலையில் களவெடுத்த கார் ஒன்றைக் கடைக் கண்ணாடிக்குள் விட்டு இடித்துச் சிகரெட் முழுவதையும் அள்ளிக்கொண்டு போனார்கள். செய்தவர்கள் எங்கேயோ தூரத்துப் பெடியள் என்று பொலிஸ் பிறகு சொன்னது. அன்று ஆறு மணிக்கு வழமைபோல வந்த லோசா, இரவு வேலை செய்த களைப்போடு விளக்குமாற்றை வாங்கிக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். அவளுடைய மகன் பலகை கொண்டுவந்து அடித்தான். கடைசியில் மறக்காமல் பாணுக்குக் காசும் கொடுத்தாள். கல்யாணி அதைச் சொல்லிச் சொல்லி உருகினாள். இராசநாயகத்துக்கோ உடைந்த கண்ணாடி மட்டும்தான் மனதில் நின்றது. இந்த ஆக்களோடு இருந்தால் இப்படித்தான் என்று பிரணவிக்கு ஃபோனில் சொன்னார். எந்த ஆக்கள் என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் ஃபோனைக் கல்யாணியிடம் கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மரவீடுகளை இடித்துவிட்டு மூன்று மாடி வீடுகள் கட்டப்போகும் கதை வந்தது. தெருச் சனத்தின் கருத்தைக் கேட்கவென்று பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். வீடுகளில் பாதியையாவது இப்போது இருக்கும் குடும்பங்களுக்கு ஒதுக்குவதா, அல்லது பெரும்பகுதியை விற்றுவிடுவதா என்பதுதான் கேள்வி. தொங்கா போதகர் ஒருவர் எழும்பித் தன் சனத்துக்காக மெல்லிய குரலில் ஏதோ கேட்டுவிட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் வாயைத் திறக்கப் பயந்துபோய் இருந்தார்கள். வந்திருந்த அதிகாரி, தெருவின் கடைக்காரர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். இராசநாயகம் கோட்டுப் போட்டுக்கொண்டு போயிருந்தார், எழும்பினார்.

தெருவுக்கு நல்ல குடும்பங்கள் வேண்டும் என்றார். உழைக்கிற சனம் வேண்டும், நேரத்துக்கு வாடகை கட்டுகிற, வாசலைத் துப்புரவாக வைத்திருக்கிற, மற்றவர்களுக்குக் கரைச்சல் கொடுக்காத சனம். அப்படியானவர்களுக்கு இந்த வீடுகளைக் கொடுங்கள் என்றார். சங்கக்கடைக் கூட்டங்களில் பழகிய நாக்கு, தடங்கலே இல்லாமல் ஓடியது. அதிகாரி தலையாட்டித் தலையாட்டி எழுதினார். அவருக்கு நன்றாக விளங்கியது. போதகருக்கும் விளங்கியது, அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் வரிசையில் நின்ற இளம் ஆட்கள் நாலைந்து பேர் எழும்பி வெளியே போனார்கள்.

இரண்டாம் வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த லோசா மட்டும் கை தட்டினாள். பெரிய கைகள், மண்டபம் முழுக்கக் கேட்டது. அவளுக்கு என் இங்கிலீஷ் விளங்கவில்லை என்று இராசநாயகம் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அடுத்த நாள் ஆறு மணிக்கு அவள் வழமைபோல வந்து, வழமைபோல இரண்டு கையாலும் காசைத் தந்தபோது அது இன்னும் உறுதியாகிவிட்டது.

உள்ளூர்க் கடைக்காரரே கேட்கிறார் என்று அவருடைய பேச்சை எடுத்து அச்சடித்து வீடு வீடாகப் போட்டார்கள். படமும் வந்தது. கல்யாணி அதை வெட்டி வைக்கவில்லை. "ஆரின்ர பிழைப்பைக் கெடுக்க இப்பிடிக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டாள். நல்ல ஆக்கள் வந்தால் நல்ல வியாபாரம் வரும், உனக்கு என்ன விளங்கும் என்று மனிசன் சீறிவிழுந்தார்.

வீடுகளில் பெரும்பகுதியை விற்பதென்று முடிவாகி, சனத்தை ஒவ்வொரு குடும்பமாக அள்ளி வேறு வேறு பக்கத்துக்கு அனுப்பினார்கள். லோசாவின் குடும்பத்துக்குத் தெற்கே தகனினியில் இடம் கிடைத்தது. கட்டி முடிந்ததும் திரும்பி வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கட்டினதோ இரண்டு அறை வீடுகள், லோசாவின் வீட்டில் எட்டுப் பேர். இதைக் கணக்குப் பார்க்கத் தெரியாதவர்களா அந்த வீடுகளை வரைந்தார்கள்? போகிற அன்று விடியவும் அவள் வந்தாள். இராசநாயகம் பாணையும் தேங்காய்ப்பாலையும் சும்மா கொடுக்கத்தான் நினைத்தார். ஆனால் முதல் வியாபாரம் சும்மா கொடுத்தால் அன்றைய ராசி போய்விடுமே. கையை நீட்டி வாங்கிக்கொண்டார், கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கல்யாணி பின்னால் குசினியில் நின்று அழுதாள். லோசா அவளையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

பிறகு நல்ல ஆக்கள் வந்தார்கள். கறுப்பும் சாம்பலுமாக எழும்பிய மாடிவீடுகளில் கணினிக்காரர், கணக்காளர், பல் வைத்தியர், நாய் வளர்க்கும் வெள்ளைக்கார இளம் சோடிகள். எங்கட ஆக்களும் வந்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், நாலைந்து தமிழ்க் குடும்பம். இராசநாயகத்துக்குத் தலைகால் தெரியவில்லை. டின் இறைச்சியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சிவப்பு அரிசி மா, நல்லெண்ணெய், முருங்கைக்காய், ஓட்ஸ் பால், விலை கூடின கோப்பிக்கொட்டை எல்லாம் வாங்கி அடுக்கினார்.

அடுக்கினது அடுக்கினபடி இருந்தது. நல்ல ஆக்களிடம் கார் இருக்கிறது, காரில் பெரிய டிக்கி இருக்கிறது. சனிக்கிழமை பெரிய கடைக்குப் போய் இரண்டு கிழமைக்குச் சேர்த்து வாங்கி வந்துவிடுவார்கள். மிச்சத்தை ஃபோனில் அமத்தினால் வாசலுக்கு வந்துவிடும். வாசலில் ஆள் இல்லாவிட்டால் அந்தப் பார்சல் இராசநாயகத்தின் கடைக்கு வரும், ஏனென்றால் பார்சல் வாங்கி வைக்கும் வேலையையும் மனிசன் எடுத்திருந்தார். ஆக, கடைக்குள் சனம் வந்தது. வேறு கடையில் வாங்கின சாமானை இவருடைய கடையில் எடுத்துக்கொண்டு போக வந்தது. மேசையில் வைத்திருந்த சொக்லேட்டைக்கூட அந்தச் சனம் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கட ஆக்கள் இன்னும் ஒருபடி மேல். எதிர்வீட்டுக்கு வந்த ரவிசங்கர், தமிழ்நாட்டுப் பெடியன், கணினி வேலை. தங்கமான குணம். பார்சல் எடுக்க வரும்போதெல்லாம் பத்து நிமிடம் நின்று பேசுவான். ஒருநாள் கறிவேப்பிலைப் பக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "சாண்ட்ரிங்ஹாம்ல இதே பாக்கெட் கம்மியா இருக்கே அங்கிள்" என்று சிரித்தபடி திருப்பி வைத்தான். அவன் பொய் சொல்லவில்லை. இராசநாயகமே அந்த இந்தியக் கடைத்தெருவில்தான் வாங்கி வந்திருந்தார்.

கைராசிக்கு ஆள் தேடியதுதான் பெரிய கூத்து. ஆறு மணிக்குத் தெருவில் நாய்களும் நாயைப் பிடித்துக்கொண்டு ஓடுபவர்களும்தான். ரவிசங்கரின் மனைவி ஸ்வர்ணாவிடம் கல்யாணி கெஞ்சி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து முதல் வியாபாரம் செய்யச் சொன்னாள். அந்தப் பிள்ளை குளித்து, பொட்டு வைத்து, ஆசையோடுதான் வந்தது. வந்து ஒரு தயிர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஃபோனை மெஷினில் தட்டியது. டிங் என்று ஒரு சத்தம். கண்ணில் ஒற்ற ஒன்றும் இல்லை. இராசநாயகம் மெஷினைத் தூக்கிக் கண்ணில் ஒற்றினார். வயர் இழுபட்டுக் கீழே இருந்த சுவிங்கம் பெட்டி கொட்டுண்டது. அன்றைக்கு மத்தியானம் வரை வேறு ஆள் வரவில்லை.

இன்னொரு நாள் ரவிசங்கர் பார்சலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஃபோனை நீட்டினான். புதுக் கணக்கெடுப்பின் விவரம் வந்திருக்கிறதாம். இந்தப் பகுதியில் தீவுச் சனம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம், ஆசியக்காரர் கூடிவிட்டார்களாம். "நம்ம ஏரியா வருமானம் கிட்டத்தட்ட ரெட்டிப்பு ஆயிடுச்சு அங்கிள். நீங்க லக்கி." அவன் மனதாரச் சந்தோசப்பட்டுச் சொன்னான். இராசநாயகம் திகதி முடிந்த பாண்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். யாருடைய வருமானம் கூடியது என்று அன்று இரவு கல்யாணியிடம் கேட்டார். லோசாவுக்குச் சம்பளம் கூடவில்லை. எனக்குக் குறைந்துவிட்டது. தொங்காக்காரப் போதகர் எங்கே என்றே தெரியாது. அந்தத் தெருவில் ஒருவருக்கும் ஒரு சதமும் கூடவில்லை கல்யாணி, ஆக்களைத்தான் மாற்றினவங்கள் என்றார். இதைத்தான் கல்யாணி அவருடைய பேச்சு அச்சில் வந்த அன்றைக்கே கேட்டிருந்தாள்.

அந்த ரெட்டிப்பு வருமானம் கடைசியில் இராசநாயகத்தின் கதவையும் தட்டியது. கட்டடத்தின் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். ஏஜென்ட் வந்து வெளியே நின்று தெருவை மேலும் கீழும் பார்த்தான். ஏரியா நன்றாக முன்னேறிவிட்டது, இப்போது நல்ல ஆக்கள் இருக்கிறார்கள், அதற்கேற்ற வாடகை கேட்கவேண்டியிருக்கிறது என்றான். அவன் சொன்ன வாடகை பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்கவேணும், இல்லாவிட்டால் சாமானைத் தூக்கவேணும். எப்படிக் கணக்குப் பார்த்தாலும் கட்ட முடியாத வாடகை. இதைச் சங்கக்கடை மனேச்சர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அறுபது கடந்த மனிசனுக்குக் குடியிருக்கும் இடமும் சேர்ந்து போகிறதென்றால் கணக்கு மட்டும் போதுமா? கல்யாணிதான் வழி சொன்னாள். சித்திரை வருடப்பிறப்பு வருகிறது, லோசாவிடம் போய்க் கைவிசேடக் காசு வாங்கி வாருங்கோ என்றாள். அவளின்ர கையால ஒரு காசு கிடைச்சால் துணிஞ்சு கையெழுத்து வைக்கலாம்.

வருடப்பிறப்பன்று விடிய மருத்துநீர் தலையில் வைத்துக் குளித்து, வேட்டி கட்டி, தலைகீழான இந்த நாட்டின் நடுங்கும் சித்திரைக் குளிரில் மேலே ஜக்கெட்டும் போட்டுக்கொண்டு, மனிசன் காரை எடுத்துத் தெற்கு மோட்டர்வேயில் ஏறினார். கல்யாணி பலகாரப் பெட்டி ஒன்று தந்துவிட்டிருந்தாள். தகனினியில் எல்லா வீடும் ஒரே அச்சு. லோசாவின் மகள் கதவைத் திறந்தாள். முன்பு பள்ளிக்கூடம் விட்டு வந்து லொலி வாங்கிய பிள்ளை, இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். இவரைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் வரவில்லை. கராஜுக்குக் கூட்டிப்போனாள்.

கராஜில் கம்பளம் விரித்து, மெத்தை போட்டு, லோசா உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. இங்கேயிருந்து இரவு வேலைக்குப் போய்வர முடியாமல் கொஞ்சநாளில் வேலையை விட்டுவிட்டாளாம். அதன் பிறகு உடம்பும் விட்டுவிட்டது. இராசநாயகத்தைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. அவரை இழுத்துப் பக்கத்தில் இருத்தி, கடை எப்படி, கல்யாணி எப்படி, முதல் காசு இப்போது யார் தருகிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டாள். அவள் இங்கிலீஷில் சொன்னது, இராசநாயகத்தின் காதில் ஒவ்வொரு சொல்லாக விழுந்தது.

"இதுதான் ராஜா. அண்டைக்குக் கூட்டத்தில ஒருத்தரும் எங்களுக்காக வாய் திறக்கேல்ல. இவர் ஒருத்தர்தான் எழும்பினவர். நல்ல ஆக்கள், உழைக்கிற ஆக்கள், வீட்டை அவையளுக்குக் குடுங்கோ எண்டு எங்களுக்காகக் கேட்டவர். நான் கை தட்டினனான். அவங்கள்தான் கேக்கேல்ல."

பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். மகள் கராஜ் கதவடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். அன்றைய கைதட்டல் இராசநாயகத்துக்கு அப்போதுதான் விளங்கியது. இருபத்தைந்து வருடம் இரவு வேலை செய்தவள், ஒரு நாளும் வாடகை பிந்தாதவள், அவருடைய கடைக் கண்ணாடியைக் கூட்டி அள்ளினவள். அவர் மண்டபத்தில் அடுக்கிய ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்திருக்கிறது. வேறு யாரையென்று அவள் நினைப்பாள்? சொல்லிவிடவேணும் என்று வாயைத் திறந்தார். பலகாரப் பெட்டியை நீட்டினார்.

வந்த காரியத்தை அவர் கேட்கவும் தேவைப்படவில்லை. இன்றைக்கு உங்களின் வருடப்பிறப்பு அல்லவா, கல்யாணி முன்பெல்லாம் எனக்குப் பலகாரம் தருவாளே என்று லோசா தானாகவே நினைவுபடுத்தினாள். மெத்தைக்குக் கீழே கையை விட்டுத் தடவி ஓர் இரண்டு டொலர் நாணயக் குற்றியை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள். கடை நல்லாய் நடக்கவேணும் என்றாள். மனிசன் வாங்கிக்கொண்டார். அதையும் வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றுவார் என்று அவள் பார்த்துக்கொண்டேயிருந்தபடியால் ஒற்றவும் செய்தார்.

மகள் கார் வரைக்கும் வந்தாள். அவர் கதவைத் திறந்ததும் சொன்னாள்.

"நானும் அண்டைக்கு அங்க இருந்தனான். நீங்கள் ஆரைச் சொன்னனீங்கள் எண்டு அம்மாட்ட நாங்கள் சொல்லேல்ல. நீங்களும் சொல்லவேண்டாம்."

அவர் தலையாட்டினார். இனி இந்தப் பக்கம் வரவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

கல்யாணி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தந்தாளா என்று கேட்டாள். ஆள் வீட்டில் இல்லை, எங்கேயோ போய்விட்டாளாம் என்றார் இராசநாயகம். பலகாரப் பெட்டி எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவர் கையெழுத்தும் வைக்கவில்லை. மாத முடிவில் சாமான்களை அரைவிலைக்கு விற்றார்கள். அன்றைக்குத்தான் எங்கட ஆக்கள் எல்லாரும் வந்து சிவப்பு அரிசி மாவைப் பைப் பையாக அள்ளிக்கொண்டு போனார்கள். பாவம் அங்கிள், நல்ல கடை, தெருவுக்கே ஒரு அடையாளமாக இருந்தது என்று ரவிசங்கர் உண்மையாகவே கண்கலங்கினான். இப்போது அந்த இடத்தில் கோப்பிக்கடை. வாசலில் நாய்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறார்கள்.

இராசநாயகமும் கல்யாணியும் தகனினிக்குப் போய்விட்டார்கள். பிரணவியும் புருசனும் அண்மையில் அங்கேதான் மோட்கேஜில் வீடு வாங்கியிருக்கிறார்கள். இவர்களுக்குக் கராஜில் கம்பளம் விரித்து, மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறாள். மனிசன் விடியற்காலையில் ஒருவரின் காரில் தொற்றிக்கொண்டு புக்கெகோஹித் தோட்டங்களுக்குப் போய் வெங்காயம் தரம் பிரிக்கிறார். நல்லதை ஒரு பக்கம், பழுதை மறுபக்கம். லோசாவின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது என்று கல்யாணி எப்படியோ அறிந்துவிட்டாள். ஒருக்காப் போய்ப் பார்ப்போமே என்று கிழமைக்கு ஒருதரம் கேட்கிறாள். பார்ப்பம் என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த இரண்டு டொலர்க் குற்றி ஜக்கெட்டின் உள்பையில் கிடக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பில் ஏவன்டேலின் அந்தத் தெருவின் வருமானம் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். இந்தமுறை அங்கே இராசநாயகமும் இல்லை.